பதினைந்தாவது கல்

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானின் தலைநகராக விளங்கியது கியோட்டோ. அந்நகரின் வடமேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ரியோஆன்ஜி என்னும் பௌத்த ஆலயம். 1450-ஆம் ஆண்டில் தோன்றியது. காலையில் அங்கு வருவோர், நம் கோயில்களில் போலவே காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்று, மரத் தாழ்வாரத்தில் அமைதியாக அமர்கின்றனர்.

எதிரே ஒரு தோட்டம். அங்கே மலர்ச்செடி இல்லை; நீரும் இல்லை. வெண்ணிறச் சிறுகற்கள் பரப்பி, கோலமிட்டாற்போல் கோடுகள் இழுக்கப்பட்டுள்ளன. நடுவே பாசி படர்ந்த திட்டுகளில் பதினைந்து பாறைக் கற்கள். தாழ்வாரத்தின் எந்த இடத்தில் அமர்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மற்றொன்றின் பின்னே மறைந்துவிடும். இடம் மாறி அமர்ந்தால் மறைந்தது தெரியும், தெரிந்தது மறையும்.

தாழ்வாரத்தைச் சுற்றிப் பின்புறம் சென்றால், கைகழுவும் கல்தொட்டி ஒன்று காணப்படுகிறது. நாணயம் போன்று வட்டமான அதன் நடுவே நீர் நிற்கும் சதுரக் குழி. சுற்றிலும் நான்கு எழுத்துகள். குழியின் சதுரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அவை முழுமை பெறும். போதும் என்பதை மட்டுமே அறிவேன் என்பது அவற்றின் பொருள்.

ஆலயத்தின் குளக்கரையில் சற்று உலவிவிட்டு, பிற்பகலில் நகரின் கிழக்குப் பகுதிக்குச் சென்றால் சஞ்ஜூசாங்கென்தோவைத் தரிசிக்கலாம். சுமார் 120 மீட்டர் நீளமுள்ள அந்த மரமண்டபத்தில், அவலோகிதேசுவரரின் ஜப்பானிய வடிவமான கன்னோனின் திருவுருவங்கள் 1001 உள்ளன. அவற்றின் முன்னே காவல் தெய்வங்கள் நிற்கின்றனர். போன்தென் என்பவர் நம் பிரம்மா; தைஷாகுதென் என்பவர் இந்திரன். சிறகுகளோடு குழலூதி நிற்கிறார் கருடன். கடல்கள் கடந்து சென்ற இடத்தில், பணிவுடன் காவல் புரிகின்றனர் நம் தெய்வங்கள்.

1164-இல் எழுந்த அம்மண்டபம் 1249-இல் தீக்கிரையாயிற்று. நின்ற கோலத்திலுள்ள ஆயிரம் உருவங்களில் காப்பாற்ற முடிந்தவை 124 மட்டுமே. எஞ்சியவற்றைச் சிற்பிகள் பதினாறு ஆண்டுகள் உழைத்து மீண்டும் வடித்தனர். 1266-இல் மண்டபமும் எழுந்தது. போதும் என்ற மனம் முயற்சியைக் கைவிடுவதன்று. கைக்கு எட்டியதைக் காத்து, இயன்றதைச் செய்வது என்பதற்கு அம்மண்டபமே சான்று.

காசிக்குச் சென்றவர் பத்ரிக்குப் போக இயலவில்லையே என வருந்துவதுண்டு. முழங்கால் வலியால் மலைக்கோயில் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே கண்கலங்கும் முதியோரும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கல்தோட்டம் ஒன்றைச் சொல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத பதினைந்தாவது கல் தோட்டத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை. காண முடியாத தலத்தின் இறைவனும் அவ்வாறே; அடிவாரத்தில் கைகூப்பி நிற்பவருக்கும் அவன் அங்கேதான் இருக்கிறான்.