சாயம் போகாத நம்பிக்கை

'தைப்பனி தரையைத் துளைக்கும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பர் நம் பெரியோர். கொங்கு நாட்டில் மாசி மாதத்து வைகறையில் ஸுப்ஹுத் தொழுகைக்குப் புறப்படுவோர் இம்மொழியின் உண்மையை நன்கு அறிவர். சோளத்தட்டு அறுத்த காடுகள் வெறிச்சோடிக் கிடக்கும். வேம்பு இலையுதிர்த்து நிற்கும். பொங்கலுக்கு வீட்டு வாசல்களில் காப்புக் கட்டிய ஆவாரம்பூவும் பூளைப்பூவும் காய்ந்து சருகாகியிருக்கும். ஆண்டிலேயே நிறம் குன்றிய பருவம் இதுதானோ என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இதே மாசியில், தொலைதூர நாடுகள் பலவற்றுக்கும் வேண்டிய நிறங்கள் ஒருங்கே குவிந்து கிடக்கும் ஊரொன்று கொங்கு நாட்டில் உண்டு. அதுவே திருப்பூர் வீரபாண்டி.

வீரபாண்டி என்றதும் வாசகர் பலருக்குத் தேனி மாவட்டத்து ஊர் நினைவுக்கு வரலாம். நாம் குறிப்பிடுவது அதுவன்று. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில், வீரபாண்டி பிரிவு என்னும் நிறுத்தத்தில் இறங்கிச் செல்ல வேண்டிய ஊர் இது. முன்னர்த் தனி ஊராட்சியாக இருந்து, 2011-இல் திருப்பூர் மாநகராட்சி விரிவடைந்தபோது அதனுடன் இணைந்தது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கே பனியன் கம்பெனியொன்றில் செக்கிங் பிரிவில் பணிபுரிகிறார். அவருடைய அழைப்பின் பேரில் மாசி மாதத்து நாளொன்றை இவ்வூரில் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது.

அங்கே பனி, இங்கே வசந்தம்

ஐரோப்பாவும் அமெரிக்காவும் உறைபனியில் ஒடுங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் அவர்களுடைய கோடைக்கால ஆடைகள் திருப்பூரில் தைக்கப்படுகின்றன. பருத்திப் பின்னலாடை வெயிலுக்கு உகந்தது. எனவே கோடை ஆர்டர்களே இவ்வூரின் பெரும்பிழைப்பு. நம் தை, மாசியில் அவை கப்பலேறியாக வேண்டும். ஆகவே, எலுமிச்சை மஞ்சளும் இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் வான்நீலமும் இப்பருவத்தில் வீரபாண்டித் தெருக்களில் டெம்போக்களில் ஏறி ஊர்வலம் போகின்றன. நூல் ஓரிடத்திலிருந்து வரும், நிட்டிங் ஓரிடத்தில் நடக்கும், சாயம் வேறிடம், கட்டிங்கும் தையலும் மற்றோரிடம். ஒரு சட்டை உருவாகும் முன் ஊரையே ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது எனலாம்.

இத்தொழிலின் வேரில் நம் சமுதாயத்தவர் ஒருவரின் பெயரும் உண்டு. திருப்பூரின் முதற் பின்னலாடை ஆலையாகக் குறிப்பிடப்படும் பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ், நாடு விடுதலை பெறுமுன்னரே குலாம் காதர் என்பவரால் தொடங்கப்பட்டதாகும். அன்று வெள்ளைப் பனியன் மட்டுமே தைத்த ஊர், பின்னர் ஏற்றுமதி வளர வளர வண்ணத்துக்கு மாறியது.

கம்பெனி வாசலில் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் கிடந்தது. பெண்கள் சிலர் அமர்ந்து அத்துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். "எதற்காக இவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஹஜ்ரத், இதை அரைச்சுப் பஞ்சாக்கித் திரும்ப நூலாக்குவாங்க. சிவப்பைத் தனியா, நீலத்தைத் தனியா அரைச்சா, அந்த நூலுக்குப் புதுசாச் சாயம் போட வேண்டியதில்லை" என்றார் மாணவர்.

வெட்டியெறிந்த துண்டிலும் நிறம் வீணாகாமல் காக்கப்படுவது கண்டு மனம் மகிழ்ந்தது. ஆனால் இந்த நிறத்துக்கு இவ்வூர் கொடுத்த விலை என்ன என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நிறம் மாறிய ஆறு

மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் உப்பு வேண்டும். அடர்நிறமானால் உப்பும் அதிகம். துணியில் ஒட்டாத சாயத்தை அலசி நீக்கப் பன்முறை நீர் வேண்டும். அலசிய நீரில் சாயமும் உப்பும் சேர்ந்தே வெளியேறும். அந்நீர் பல்லாண்டுகள் ஓடைகள் வழியே நொய்யலுக்கே சென்றது. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே அவ்வாரம் எந்த நிறச் சட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் எனத் திருப்பூரில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. கீழ்ப்பகுதி உழவர்களுக்கோ அது வேடிக்கையன்று. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் தேங்கியது சாயக் கழிவு நீர். சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன. விளைநிலம் பாழாயிற்று.

நிறம் கண்ணுக்குத் தெரிவதால் மக்கள் அதையே குறை கூறினர். உண்மையில் கூடுதல் தீங்கு, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்பினால் விளைந்தது. நீரின் நிறத்தை மட்டும் போக்கித் தெளிய வைத்து அனுப்பினாலும் உப்பு போகாது, நிலம் மீளாது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையைச் சாயப்பட்டறைகள் எய்த வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆணை முறையாக நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் நாள், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

நிறமில்லாத குளிர்காலம்

அப்போது தை மாதம் பாதி கழிந்திருந்தது. கோடை ஆர்டர்கள் உச்சத்தில் இருக்கும் வேளை. பின்னிய துணி சாயமேறாமல் வெளிர்நிறத்திலேயே தேங்கியது. அக்காலத்தில் வின்ச் இயந்திரத்தில் சாய மாஸ்டராக இருந்த முதியவர் ஒருவரை மாணவர் அறிமுகம் செய்துவைத்தார். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து அவர் சொன்னார்:

"ஏனுங் பாய், அந்த மாசியில ஆத்துல தண்ணி தெளிஞ்சுதுங்க. எங்க ஊட்டுல அடுப்பு அணைஞ்சுதுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தவன் நானு. ஆத்தைப் பாத்துச் சந்தோசப்படறதா, புள்ளைகளைப் பாத்து அழுகறதான்னு தெரியலீங்."

"யார்மீது கோபம் வந்தது?" என்றேன்.

சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "மொதல்ல வெவசாயிங்க மேல வந்துச்சுங்க. அப்பறம் நெனச்சுப் பாத்தா, எங்க அப்பனும் வெவசாயிதானுங்களே!" என்றார்.

இச்சொற்களில் அடங்கியிருக்கும் நியாயத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவன் பிழைப்பதற்காக மற்றொருவன் கிணறு பாழாகலாமா? கிணற்றைக் காப்பதற்காகப் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடக்கலாமா? இரண்டுக்கும் 'ஆகாது' என்பதே விடை. அவ்விடையைச் சொல்லுவது எளிது. செய்து காட்டுவதுதான் கடினம்.

உப்பும் நீரும் திரும்பின

செய்து காட்ட முயன்றார்கள் என்பதே இவ்வூரின் பெருமை. தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. வீரபாண்டிக்கு அருகிலுள்ள அருள்புரத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புக் கரைசலையே தூய்மை செய்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. வீரபாண்டியிலும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. பட்டறைகள் தத்தம் கழிவு நீரைக் குழாய் வழியே இத்தகைய நிலையங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கு நீக்கப்படுகிறது. பின்னர்ச் சவ்வு வழியே அழுத்திச் செலுத்தும்போது நல்ல நீர் பிரிந்து பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சிய உப்பு நீரின் ஒரு பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்குச் செல்கிறது. மற்றதைக் கொதிக்க வைத்து உப்பைத் தனியே எடுக்கின்றனர்.

படிப்படியாகப் பட்டறைகள் திறந்தன. எல்லாரும் திரும்பி வரவில்லை. சுத்திகரிப்புச் செலவைத் தாங்க இயலாத சிறு பட்டறைகள் பல, மூடியது மூடியபடியே போயின. மேற்சொன்ன முதியவர் வேலை பார்த்த பட்டறையும் அவற்றுள் ஒன்று. இன்றும் குறைகள் இல்லாமலில்லை. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகள் நிலையங்களில் தேங்கிக் கிடக்கின்றன. மழை நாளில் மறைவாகக் கழிவைத் திறந்துவிடுவோர் பற்றிய செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. ஆயினும், கழிவு நீரை வெளியேற்றாமலே இவ்வளவு பெரிய தொழிலை நடத்த முடியும் என்பதை இவ்வூர் காட்டிவிட்டது. உளூச் செய்யும் நீரைக்கூட வீணாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் என் போன்றவனுக்கு, ஒரே நீர் திரும்பத் திரும்பப் பயன்படுவதைக் கேட்டபோது உள்ளம் நெகிழ்ந்தது.

மாசியில் வரும் விருந்தினர்

மறுநாள் காலை மாணவர் என்னைத் திருப்பூரின் மற்றொரு புறத்துக்கு அழைத்துச் சென்றார். ஊத்துக்குளி சாலையை ஒட்டியிருக்கும் நஞ்சராயன் குளம், சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ளது. தொழில் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்நீர்நிலையை ஊர்ப் பறவை ஆர்வலர்கள் பல்லாண்டுகள் கண்காணித்து வந்தார்கள். 2022-இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் பன்னாட்டு ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் இங்கே வந்து தங்கியதுண்டு. வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கும். கரையோரப் புதரில் நீலத்தாழைக்கோழி ஒன்று சிவந்த அலகுடன் நடைபயின்றது. அந்த நீலத்தை எந்தச் சாய மாஸ்டரும் கலந்துவிட முடியாது!

மரங்களையும் இவ்வூரார் மறக்கவில்லை. வெற்றி அமைப்பு 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தின் வழியே பல லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன. அத்தகைய பணிகளுக்குத் தொழில் செய்வோரும் கைகொடுத்திருக்கின்றனர்.

மீண்டும் ஒரு சோதனை

இடர்கள் 2011-உடன் ஓய்ந்துவிடவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது வடமாநிலத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பினர். அதே ஆண்டில் முகக்கவசமும் மருத்துவர்க்கான பாதுகாப்பு உடையும் தைத்துத் திருப்பூர் மூச்சுவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின்மீது அமெரிக்கா கூடுதல் வரி விதித்து, அதை மொத்தம் 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஆர்டர்கள் தடுமாறின. ஷிப்டு குறைந்தால் முதலில் வேலை இழப்பவர் பிசிறு வெட்டும் பெண்களும் கைமடிக்கும் பிள்ளைகளும்தாம். பீஸ் ரேட்டில் உழைக்கும் டெய்லர் வீட்டில் அவ்வாரமே கடை பாக்கி ஏறிவிடும். வெளிநாட்டில் ஒருவர் இடும் கையெழுத்து வீரபாண்டிச் சந்தில் ஒரு வீட்டு உலையைத் தணித்துவிடுகிறது.

இந்நிலையில் நம்பிக்கை என்று எதைச் சொல்வது? 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாயளவில் கூறுவது நம்பிக்கையாகாது. தவறு எங்கே என்று கண்டு, அதற்குரிய செலவை ஏற்று, பக்கத்து ஊர்க் கிணற்றையும் தன் கிணறாகக் கருதி ஒரு தொழிலைத் திருத்திக்கொள்வதே நம்பிக்கை. வீரபாண்டி அந்தப் பாடத்தை அரைகுறையாகவேனும் படித்திருக்கிறது. முழுமையாகப் படித்தாக வேண்டும்.

ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில் நின்றபோது பீகார், வங்காளத்துச் சகோதரர்கள் வரிசையில் தோளொட்டி நின்றார்கள். ஒருவருடைய சட்டைக் கையோரத்தில் பச்சைச் சாயம் தெறித்திருந்தது. அவருடைய உழைப்பின் அடையாளம் அது.

அன்பு வாசகர்களே! அண்மை ஆண்டுகளில் ரமளான், மாசி பங்குனியை ஒட்டியே வருகிறது. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு வண்ணச் சட்டை வாங்கும்போது, அந்நிறத்தைத் துணியில் ஏற்றிய கைகளையும், அதை அலசிய நீரையும் ஒரு கணம் நினையுங்கள். விலை மலிவாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்போமானால், அம்மலிவை யாரோ ஓர் உழவனோ தொழிலாளியோ தன் தலையில் சுமக்க நேரும். நிறம் துணியிலேயே நிற்கட்டும். ஆற்றில் நீர் மட்டுமே ஓடட்டும். உழைப்போர் இல்லங்களில் அடுப்பு அணையாதிருக்கட்டும். வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!