விளக்கில் பிசுக்கு, கல்லில் பதம்

பித்தளைக் குத்துவிளக்கை இரண்டு வாரம் துலக்காமல் விட்டுப் பாருங்கள். குழியில் மிஞ்சிய நல்லெண்ணெயில் ஓரமாகப் பச்சைக் களிம்பு, அடியில் விரலைப் பிடித்திழுக்கும் பிசுக்கு, முகர்ந்தால் சிக்கு வாடை. அன்றைக்கே திறந்த புட்டியில் இருக்கும் எண்ணெயோ மணம் மாறாமல் இருக்கும். தூசி, திரிக்கரி என்று பழியை எங்கெங்கோ போடுகிறோம். சுடரின் சூட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் விளக்கே ஒரு குற்றவாளி என்று யாரும் சந்தேகிப்பதில்லை.

நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் லினோலிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜன் இளகி நிற்கும். அது கழன்ற இடத்தில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிப் பெராக்சைடு ஆகிறது. இது தானாக உடைய நாளாகும். பித்தளையிலிருந்து கசிந்த செம்பு, ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைக்கிறது; இன்னொரு பெராக்சைடிடம் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. தான் செலவாவதே இல்லை, அதனால் துளியளவு போதும். சுத்திகரிக்காத எண்ணெயில் கிலோவுக்கு இரும்பு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரக்குறியீடு. செம்புக்கு வெறும் 0.4.

உடைந்த துண்டுகளில் ஹெக்சனல் போன்றவை வாடையாகக் கிளம்புகின்றன. மற்றவை ஒன்றோடொன்று பின்னிப் பிசுக்காகின்றன. எள்ளிலிருந்தே வரும் செசமால் கெடுதலைத் தள்ளிப்போடும் காவல்காரன்தான், அதுவும் தீர்ந்துபோகும். விளக்கைத் துலக்கும்போது, புளி களிம்பைத்தான் எடுக்கும். பிசுக்குக்குச் சாம்பலின் காரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். முதலில் சாம்பல், கழுவிவிட்டுப் புளி.

இதே கெடுதலை நாமே விரும்பிச் செய்யும் இடமும் உண்டு. எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் காயக் கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள். வீட்டில், புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிறோம்: எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகைய விட்டு, ஆறவைத்து, மறுபடி தடவி. சூடுதான் முக்கிய வேலைக்காரன், இரும்பு கூட நிற்கிறது. கறுத்து வழவழக்கும் அந்தப் படலம் பின்னிக்கொண்ட எண்ணெயேதான். கரி என்று நினைத்துக் கம்பி நாரால் சுரண்டினால் அடுத்த தோசை கல்லோடு ஒட்டும். தேங்காயெண்ணெயில் பழக்க நினைத்தால் சரிவராது; பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, பின்னிக்கொள்ள இரட்டைப் பிணைப்புக்கு எங்கே போவது?