நடு ஸ்வரத்தை விட்டுவிடு

மணலி என்றால் இன்று ரிஃபைனரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பேரோடு சேர்ந்து வருவது டேங்கர் லாரியும் எரிவாயு வாடையும்தான். பிடில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் என்னைப் போன்றவர்களுக்கோ மணலி பூர்வீக வீடு. ராமசாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். அவர்களில் சின்னையா முதலியார், ராமசாமி தீட்சிதரின் மகன் பாலுசாமிக்குக் கோட்டையில் இருந்த ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் வயலின் பாடம் ஏற்பாடு செய்தார். அப்படி வந்து சேர்ந்த வாத்தியம்தான் இன்று அநேகமாக எல்லாக் கச்சேரியிலும் பாடகருக்கு இடப்பக்கம் இருக்கிறது.

அதே வீட்டில் மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். கோட்டை பேண்டில் கேட்ட ஆங்கில மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்கிறோம், ஏறக்குறைய 40 இருக்கும். இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டிலேயே ஒரு சாகித்தியம் உண்டு. எல்லாம் நம் சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நடக்கும், கமகம் கிடையாது.

ஃபியூஷன் என்று நாங்கள் இன்று மேடையில் செய்வதற்கான இரண்டு வழிகளும் அந்த ஒரே வீட்டில் இருக்கின்றன. அண்ணன் அயலாரின் மெட்டை வாங்கினார். அதற்காகக் கமகத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்தார். தம்பி அயலாரின் வாத்தியத்தை வாங்கினார். அதைத் தரையில் உட்காரவைத்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் சாய்த்து, தந்திகளை சா-பா-சா-பா என்று கூட்டி, விரலை வழுக்கவிட்டது நம் மரபு. நோட்டுஸ்வரம் இன்று பெரும்பாலும் பிள்ளைகளின் பாடமாக நிற்கிறது. வயலின் இல்லாத கச்சேரியோ அபூர்வம். தம்பி போன வழிதான் கடினம், அதுதான் பலன் தரும் என்பது என் கட்சி.

இதை எனக்கு உறுதியாக்கியது போலந்து இசை. காலடிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் ரிகர்சல் பார்க்கிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் ஓய்ந்த பிறகுதான் காதுக்கு வேலை. அங்கே டிரம்ஸ் வாசிக்கும் தம்பிதான் ஸ்பிக்னியெவ் ஸைஃபெர்ட்டின் தட்டை முதலில் போட்டுக் காட்டினான். கிராக்கோவ் நகரத்து வயலின்காரர். ஜாஸில் முதலில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேன் பித்தர். கோல்ட்ரேனின் மூச்சை வில்லுக்கு மாற்றியவர், 1979இல் 32 வயதில் போய்விட்டார். ‘மேன் ஆஃப் தி லைட்’ கேட்டால் தெரியும்: வில் திரும்புகிற இடம் காதுக்கு அகப்படாது, ஒரே மூச்சாக ஸ்வரங்கள் கொட்டும். சாக்ஸபோன் வாசிப்பை நகல் எடுக்காமல், வயலினை சாக்ஸபோனாக நினைக்கவைத்தார். பாலுசாமிக்குப் பிறகு நம் ஆட்கள் வயலினை வாய்ப்பாட்டாக நினைக்கவைத்த மாதிரிதான்.

இன்னொரு போலந்து ஜாஸ்காரர் ஸ்பிக்னியெவ் நமிஸ்வோவ்ஸ்கி எதிர்ப்பக்கத்திலிருந்து, நாட்டுப்புற நடனத்திலிருந்து வந்தார். அவருடைய 1975ஆம் வருஷத்து ஆல்பத்தின் பேரிலேயே குயாவியாக் என்கிற கிராமத்து நடனம் இருக்கிறது. குயாவியாக், மசூர், ஒபெரெக் எல்லாமே மூன்று எண்ணிக்கை. ஆனால் அந்த மூன்றும் சமமாக இருக்காது. அழுத்தம் இரண்டாவதில் விழும், மூன்றாவதில் விழும், ஊர்ப் பிடில்காரர் ஓர் அடியை இழுத்து அடுத்ததைச் சுருக்குவார். திஸ்ர நடை என்று நினைத்து நான் கையில் தாளம் போட்டால் நான்கு ஆவர்த்தத்துக்குள் விலகிவிடும். சம இடைவெளியில் தட்டும் கிளிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவு செய்தால் இந்த உயிர் போய்விடுகிறது. மூன்றையும் சமமாக வெட்டித் தருகிற ஆல்பங்களும் நிறைய வருகின்றன. அவற்றில் நாட்டுப்புறம் உடையில் மட்டும்தான்.

தெற்கே டாட்ரா மலை, ஸகொபானே பக்கத்து மலைவாசிகளின் இசைதான் என்னை அதிகம் பிடித்தது. முன் வாசிக்க ஒரு பிடில், அதற்கு அடியில் கார்டு இடிக்க இரண்டு மூன்று பிடில்கள், மூன்று தந்தி போட்ட பாஸ் ஒன்று. அவர்கள் மெட்டில் மத்யமம் பிரதி மத்யமம், நிஷாதம் பல இடங்களில் கைசிகி. கேட்டவுடன் என் விரல் ‘வாசஸ்பதி’ என்று ஓடியது. பேர் கிடைத்ததும் காது அடைத்துக்கொண்டது என்பதுதான் நான் அதில் கண்ட ஆபத்து. வாசஸ்பதியில் நான் பழகிய பிடிகளை வாசித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மலை இருக்காது. அவர்கள் மெட்டு மேலே ஆரம்பித்துக் கீழே சரியும். பிரதி மத்யமத்தை அசைக்காமல், தயவு பார்க்காமல் நிறுத்துவார்கள். 90களின் தொடக்கத்தில் அந்த மலையின் திரெபூனியா குடும்பத்தார் ஜமைக்காவின் ட்விங்க்கிள் பிரதர்ஸோடு சேர்ந்து ரெகே வாசித்தபோதும் அந்த மத்யமத்தை இறக்கவில்லை. அதனால்தான் அது இன்றும் நிற்கிறது.

சமீபத்தியதில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது 2023இல் வந்த ஒன்று: வ்ரொத்ஸ்வாஃப் நகரத்து ஈ.ஏ.பி.எஸ். குழுவும் லாகூரின் ஜௌபி குழுவும் சேர்ந்து செய்த ‘இன் சர்ச் ஆஃப் எ பெட்டர் டுமாரோ’. சாரங்கி இருக்கிறது, அதன் கீழே கீபோர்டு. கமகம் உள்ள வாத்தியத்துக்குக் கீழே கார்டு வைப்பது எவ்வளவு சிக்கல் என்று தெரிந்தவனுக்கு அந்த அடக்கம் புரியும்.

சிக்கலை எங்கள் ஊர்ப் பாட்டை வைத்தே சொல்கிறேன். தியாகராஜர் திருவொற்றியூர் வந்தபோது வடிவுடையம்மன் மேல், அதாவது திரிபுரசுந்தரி மேல், ஐந்து கிருதிகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த ஊர் இது. அந்த ஐந்தில் ஒன்று பேகடா. பேகடாவின் நிஷாதம் காகலியிலும் நிற்காது, கைசிகியிலும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் விரல் தடவி நிற்கும். தேங்காய் எண்ணெய் ஒரு பொட்டு விரலில் இருந்தால்தான் அந்தத் தடவல் வரும். அதே நேரம் கீபோர்டுகாரர் பா-நி-ரி என்று கார்டைப் பிடித்தால், அவருடைய நிஷாதம் ஆணி அடித்த நிஷாதம். இரண்டும் உரசி ஒரு நடுக்கம் கேட்கும். சபையில் உட்கார்ந்திருப்பவர் பிடில்தான் அபசுருதி என்று நினைப்பார்.

இங்கே பெரும்பாலான குழுக்கள் பின்வாங்கி, கீரவாணிக்கும் மோகனத்துக்கும் போய்விடுகின்றன. கீரவாணி அவர்களுடைய மைனரோடு அப்படியே பொருந்தும், யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எனக்கு அது அலுத்துவிட்டது. நான் கீபோர்டுகாரரிடம் சொல்வது ஒன்றுதான்: நடு ஸ்வரத்தை விட்டுவிடுங்க அண்ணே, பாவும் ரியும் மட்டும் போதும், நிஷாதம் என் பொறுப்பு. கார்டின் குணத்தைத் தீர்மானிக்கிறதே அந்த நடு ஸ்வரம். அதை விடுவது அவருக்கு லேசான காரியம் இல்லை. விட்டால் ஓர் இடம் திறக்கிறது. பேகடா அதில் நிம்மதியாக உட்காரும். பதிலுக்கு அவர் தனியாக வாசிக்கும்போது நான் ஸ்வரங்களை நேராக நிறுத்தி, முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர விரலோடு பின்னால் போகிறேன்.

யார் எந்த இடத்தில் விடுகிறார்கள் என்பது வடசென்னைக்குப் புதிதல்ல. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதல் மேடை ஏறியபோது, கானாவின் அடி நடுவில் இருந்தது. கிடாரும் டிரம்ஸும் அதை நோக்கி வந்தன. அதனால்தான் அந்தப் பாட்டுகள் எங்கள் தெருக்களில் அந்நியமாகக் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் ஓர் ஒபெரெக் நடையைப் பேகடாவுக்குக் கீழே வைத்துப் பார்க்கிறோம். கிளிக் இல்லாமல். டிரம்ஸ்காரத் தம்பி மூன்றாவது அடியை இழுக்கும்போது என் சங்கதி எங்கே முடிய வேண்டும் என்பதில் இன்னும் சண்டை. இழுத்த அடிக்குள்ளேயே நிஷாதத்தை முடி என்கிறான் அவன். அடி விழுந்த பிறகு, அந்த மிச்சத்தில்தான் நிஷாதம் வாழும் என்கிறேன் நான்.