அடுப்பில்லா பேட்டையில் அவல் ராஜ்யம்

சென்னையில் கல்யாணமாகாத ஆபீஸ்காரர்கள் எங்கே அதிகம் என்று யாராவது கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு திருவல்லிக்கேணியைக் கை காட்டுவேன். தெருவுக்குத் தெரு மேன்ஷன்! பத்துக்கு எட்டு ரூமில் கட்டில், கொடிக்கயிறு, குறட்டை விடும் ரூம்மேட் எல்லாம் உண்டு. இருக்கக் கூடாதது அடுப்பு ஒன்றுதான். கட்டிலுக்கடியில் ரகசியமாக ஹீட்டர் மாட்டி, மாடிக்கே ஃப்யூஸ் போக்கியவர்களின் வீரக் கதைகளை இங்கே நிறையக் கேட்கலாம்.

ஆகவே மெஸ்ஸே கதி. ஊருக்குப் பணம் அனுப்பிய பிறகு, இருபதாம் தேதி வாக்கில் பட்ஜெட்டில் முதல் வெட்டு விழுவது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான். "ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் போதும் சார்" என்பார்கள். வயிற்றிடம் கைமாற்று வாங்கினால், பின்னால் டாக்டர் வட்டியோடு வசூலிப்பார் தம்பி!

இத்தனைக்கும் அடுப்பே மூட்டாமல் சாப்பிட இந்தப் பேட்டை மாதிரி வராது. வாருங்கள், பார்த்தசாரதி கோயிலிலிருந்து ஒரு நடை போவோம். உள்ளே நிற்பவர் மீசை வைத்த பெருமாள். சாட்சாத் அந்தக் கண்ணனேதான். அவரைப் பார்க்கப் போன குசேலர் கந்தல் துணியில் எதை முடிந்துகொண்டு போனார்? இட்லியா, பொங்கலா? அவல்! துவாரகை வரை கெடாமல் போன சமாசாரம், பாரிமுனை ஆபீஸ் வரைக்கும் போகாதா?

நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டையாக்கினால் அவல். நெருப்பு வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. நமக்கு மிச்சம் தண்ணீர் வேலைதான். மெல்லிசு அவல் என்றால் ஐந்து நிமிஷம், கெட்டி அவல் என்றால் கால் மணி ஊறினால் போதும்.

காலையில் கெட்டி அவலைக் களைந்து டப்பாவில் போடுங்கள். டீக்கடையில் காய்ச்சிய பால் வாங்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிரும் உப்பும் சேர்த்து மூடிவிடுங்கள். ஃபைல்களோடு நீங்கள் மல்லுக்கட்டும் நேரத்தில் பால் தானே உறைந்து, ஒரு மணிக்குப் புளிக்காத தயிர் அவல் ரெடி! காலையிலேயே தயிரைக் கொட்டிப் பிசைந்தால், சென்னை வெயிலில் மத்தியானம் மூடியைத் திறக்கும்போதே பல் கூசும்.

அவல் மட்டும் என்றால் பெரும்பாலும் மாவுச்சத்துதான். மூன்று மணிக்கே வயிறு பெல் அடிக்கும். அதற்கு மருந்து ஜாம்பஜாரில் இருக்கிறது. பழைய பைகிராஃப்ட்ஸ் ரோடு, இன்றைய பாரதி சாலை வழியாக நடந்தால் மார்க்கெட். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை இரண்டையும் வாங்கிக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடியே ஒரு முட்டைக்கு ஈடு கொடுக்கும். கூடவே ஒரு கொய்யா. வைட்டமின் சி விஷயத்தில் ஆரஞ்சே அதனிடம் கைகட்டி நிற்க வேண்டும். வாழைப்பழத்துக்கோ டப்பாவும் வேண்டாம், ஸ்பூனும் வேண்டாம். பேக்கிங் கம்பெனி மரத்திலேயே இருக்கிறது!

மாசக் கடைசியிலும் கட்டுப்படியாகும் சாப்பாடு இது. கௌரவக் குறைச்சல் என்று டப்பாவை மேஜைக்கடியில் ஒளிக்காதீர்கள். அவல் கொண்டு போன குசேலருக்கே மாளிகை கிடைத்தது. நமக்கென்ன குறைச்சல்? மேன்ஷன் என்றாலும் மாளிகைதானே சார்!