தையலில்லாத கண் சிகிச்சை

பெரியம்மாவுக்குக் கண்புரை நீக்கியபோது தையலே போடவில்லை என்று கேட்டு உறவினர் சிலர் சந்தேகம் கொண்டனர். ஆனால் வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்தில் புரையை வெளியே எடுக்கச் சாய்வாக அமைக்கப்படும் சுரங்கவழி, கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே தானாக மூடிக்கொள்வதால், ஊசிக்கும் நூலுக்கும் அங்கே அவசியமில்லை. விலையுயர்ந்த கருவியால் புரையைக் கரைத்தெடுக்கும் பேக்கோ முறைக்கும் இந்தத் தையலில்லா முறைக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்வையில் பெரிய பேதமில்லை என்று 2007-இல் வெளியான நேபாள ஆய்வு கண்டது. செலவோ இதில் சொற்பம். ஆயினும், அபாயமே இல்லாத சிகிச்சை என்று பிரசாரம் செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. சிகிச்சைக்குப் பின் வரும் கருவிழி வீக்கம் பெரும்பாலும் தானே வடியும். கண்வில்லையின் பின்னுறை மங்கினால் லேசர் சிகிச்சை உண்டு. அபூர்வமாக நேரும் உட்கண் தொற்றோ, தாமதித்தால் பார்வையையே பறித்துவிடும். சிகிச்சைக்குப் பின் வலியும் சிவப்பும் பார்வை மங்கலும் அதிகரித்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.