இருபத்தைந்து வயது டிக்கட்

பிரான்ஸ் தேசத்துக்குப் போய்வந்தவர்கள் ஐபல் கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். லூவர் சித்திரசாலையைப் பற்றி எழுதுவார்கள். நான் ரயில் டிக்கட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "இதென்ன அற்ப விஷயம்!" என்று நேயர்கள் நினைக்கலாம். அந்நிய தேசத்தில், பாஷை தெரியாத ஊரில், சரியான டிக்கட் கையில் இல்லாமல் ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது அற்ப விஷயமா, அல்லவா என்பது தெரியும்.

எங்கள் தெருவில் பஞ்சாபைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார்; ராணுவத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும் பாரிஸுக்குப் போகிறோம் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் மாலை வந்தார். ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். அதில் ஒரு பெயரும், ஒரு படைப்பிரிவின் பெயரும், "நவ் ஷாப்பெல்" என்ற ஊரின் பெயரும் எழுதியிருந்தன.

"என் பாட்டனார். 1915 மார்ச்சில் அங்கே போனார், திரும்பவில்லை. அப்போது என் தகப்பனாருக்கு ஒரு வயது. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. சுவரில் பெயர் வெட்டியிருக்கிறார்களாம். ஒரு பூ வைத்து, ஒரு படம் பிடித்து வாருங்கள்" என்றார்.

அவ்வளவுதான். 80 வயதுக் கிழவர் கேட்டதை மறுக்க முடியுமா? "அவசியம் செய்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுப்பது சுலபம். அதை நிறைவேற்றுவதற்குப் பிரெஞ்சு ரயிலில் டிக்கட் வாங்க வேண்டும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பாரிஸில் கோயிலும் கோபுரமும் சித்திரசாலையுமாக ஒரு வாரம் பறந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப விமானம் ஏறுவதற்கு முன் முழுதாக ஒரே ஒரு நாள் பாக்கி. அந்த நாளில் வடக்கே போய், பெயரைத் தேடி, பூ வைத்து, இருட்டுவதற்குள் பாரிஸ் திரும்ப வேண்டும்.

பாரிஸில் ஒரே ஸ்டேஷனுக்குப் போய், எந்த ஊருக்கும் ரயில் ஏறிவிட முடியாது. அங்கே மத்திய ஸ்டேஷன் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன். தெற்கே லியோன், மார்ஸேய் போகிறவர்கள் கார் த லியோனுக்குப் போக வேண்டும். மேற்கே பிரித்தானிக்குப் போகிறவர்கள் மோன்பர்னாஸுக்கு. கிழக்கே ஸ்ட்ராஸ்பூருக்குப் போகிறவர்கள் கார் த லெஸ்டுக்கு. வடக்கே போகிறவர்கள் கார் து நோருக்கு. இதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1842-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாரிஸை நடுவில் வைத்து, நட்சத்திரத்தின் கதிர்களைப் போல் நாலா பக்கமும் பாதை போட்டார்கள். ஒவ்வொரு கதிரும் ஒரு தனிக் கம்பெனியின் வசம் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டது. 1938-ல் கம்பெனிகளெல்லாம் ஒன்றாகித் தேசிய ரயில்வேயாகிவிட்டன. ஸ்டேஷன்கள் மட்டும் ஒன்றாகவில்லை. ஆகையால் பாரிஸில் பிரயாணி முதலில் படித்துப் பார்க்க வேண்டியது, எந்த ஸ்டேஷன் என்பதைத்தான்.

கார் து நோரின் முகப்பே ஒரு காட்சி. ஹிட்டோர்ஃப் என்ற சிற்பி 1860-களில் கட்டிய மாளிகை அது. ரயில் சென்று சேரும் பட்டணங்களையெல்லாம் பெண்ணுருவங்களாகச் செதுக்கி, உச்சியில் பாரிஸ் தேவியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஸ்டேஷனுக்கு அருகிலேயே லா ஷாப்பெல் என்ற பேட்டை. அங்கே போனால் காதில் விழுவது தமிழ். மூக்கில் விழுவது சாம்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 1985-ல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான்.

பிரயாணத்துக்கு முதல் நாள் மாலை விநாயகரைத் தரிசித்து, மறுநாளைக்கு ஒரு பூச்சரமும் வாங்கிக்கொண்டோம். கடைக்காரப் பெரியவர் எங்கள் உத்தேசத்தை விசாரித்தார்.

"ஐயா, இங்கை ரெண்டு விதமான ரயில் கிடக்கு. ஒண்டு பிளேன் மாதிரி. மற்றது பஸ் மாதிரி. பிளேன் மாதிரியானதுக்கு இப்பவே டிக்கட் எடுங்கோ. பஸ் மாதிரியானதுக்கு அங்கை போய் எடுக்கலாம். ஆனால் அவசரத்திலை மெஷினிலை கை வையாதேங்கோ" என்றார்.

பிரெஞ்சு ரயில் டிக்கட்டின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஆறு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. அவர் "பிளேன்" என்றது டேஜேவே எனப்படும் அதிவேக ரயில். 1981-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. 2007-ல் ஒரு பரீட்சை ஓட்டத்தில் மணிக்கு 574.8 கிலோமீட்டர் வேகம் போய் உலகத்தைப் பிரமிக்கச் செய்தது. இதில் இடம் பதிவு செய்யாமல் ஏறக் கூடாது. டிக்கட்டில் குறித்த நாள், குறித்த வண்டி, குறித்த ஆசனம். விலையோ காய்கறிச் சந்தை விலைதான்! வாரக்கணக்கில் முன்னதாக வாங்கினால் மலிவு. கடைசி நாளில் வாங்கினால் நெருப்பு. "பஸ்" என்றது டேயேஎர் எனப்படும் பிராந்திய ரயில். அதற்கு இடப்பதிவு கிடையாது. இன்று வாங்கினாலும் நாளை வாங்கினாலும் விலை அநேகமாக ஒன்றே. காலி ஆசனத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

முன்னெல்லாம் இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் மஞ்சள் பெட்டி ஒன்று நிற்கும். காகித டிக்கட்டை அதன் வாயில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும், மறந்தால் அபராதம். செல்பேசி டிக்கட்டும் வீட்டில் அச்சடிக்கும் டிக்கட்டும் வந்த பிறகு அந்தப் பெட்டிகள் அநேகமாக மறைந்துவிட்டன.

அன்றிரவே ஆராஸ் பட்டணத்துக்குப் போகவர டேஜேவே டிக்கட் வாங்கினேன். கடைசி நேரத்து விலைதான். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் மனிதர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பிளாட்பாரம் என்பதைப் பலகையில் வண்டி புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிஷம் முன்புதான் காட்டுகிறார்கள். எண் தோன்றியதும் ஜனத்திரள் அணை உடைந்தது போல் பாய்கிறது. புறப்படும் நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னதாகக் கதவுகள் மூடிக்கொள்ளும்; பிறகு அழுதாலும் திறக்காது. நேரம் 24 மணிக் கணக்கில் போட்டிருக்கும். 19 என்றால் மாலை 7 என்று கழித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பெட்டி எண்ணைத் தேடி, ஆசன எண்ணைத் தேடி, உட்கார்ந்து மூச்சு விட்டபோது வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆராஸ்!

ஆராஸிலிருந்து லான்ஸ் வழியாக பெத்யூன் என்ற ஊருக்குப் பிராந்திய ரயில். அது புறப்பட 7 நிமிஷமே இருந்தது. கடைக்காரப் பெரியவரின் ஆறாவது வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று. மெஷின் முன் நின்று, விரலால் தட்டினேன். திரையில் இரண்டு விலைகள் தெரிந்தன. இரண்டும் ஒரே வண்டி, ஒரே ஊர். விலை குறைந்ததை விட்டுவிட்டு அதிகமானதை வாங்குவதற்கு நான் என்ன பைத்தியமா? குறைந்ததைத் தட்டினேன். டிக்கட்டுகள் வந்தன, ஓடிப் போய் ஏறினோம்.

வண்டி நகர்ந்த பிறகு என் மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிக்கட்டைப் படித்தாள். செல்பேசியில் மொழிபெயர்த்தும் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டாள்.

"ஏன்? 63."

"பிரெஞ்சு ரயில்வேக்கு உங்கள் வயது 25. இது 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சலுகை டிக்கட்!"

எனக்குப் பகீர் என்றது. சலுகை டிக்கட்டைத் தகுதி இல்லாதவன் வைத்திருந்தால், டிக்கட்டே இல்லாததற்கு ஒப்பு. அபராதத்தைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலையில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டால்? அன்றைப் பொழுது போனால் வேறு பொழுது கிடையாது. சட்டைப் பையில் கிழவரின் காகிதம் கனத்தது.

"பரிசோதகர் இந்தப் பெட்டிக்கு வராமலே போகலாம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பூ வைக்கப் போகிறோம். போகிற வழியிலே ஒளிந்துகொண்டா போகிறது? நாமே போய்ச் சொல்லிவிடலாம், எழுந்திருங்கள்" என்றாள்.

இரண்டு பெட்டிகள் தாண்டிப் பரிசோதகரைக் கண்டுபிடித்தோம். டிக்கட்டை நீட்டி, எனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளையும் தெரியாத இருபது வார்த்தைகளையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் டிக்கட்டைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார். பிறகு தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்களாகத் தேடி வந்தீர்கள், நல்லது. நான் வந்து பிடித்திருந்தால் தொகை வேறு."

அது அங்கே நடைமுறை விதி. டிக்கட்டில் கோளாறு இருப்பவன் தானாகப் பரிசோதகரிடம் போய்ச் சொன்னால் ஒரு கட்டணம். அவர் வந்து கண்டுபிடித்தால் அதற்கு மேல். பிரான்ஸுக்குப் போகும் நேயர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது போடும்போது, எங்கே போகிறோம் என்று விசாரித்தார். காகிதத்தைக் காட்டினேன். "நவ் ஷாப்பெல்" என்று வாய்விட்டுப் படித்தார். வாங்கிய பணத்தில் ஒரு காசும் குறைக்கவில்லை. ஆனால் ரசீதின் பின்புறம், பெத்யூனிலிருந்து திரும்புவதற்கான இரண்டு வண்டிகளின் நேரத்தை எழுதி, இரண்டாவதன் கீழ் ஒரு கோடு போட்டார். "இதைத் தவறவிட்டால் ஆராஸில் உங்கள் பாரிஸ் வண்டி உங்களுக்காகக் காத்திராது" என்றார். சட்டம் சட்டமாகவே இருந்தது. மனிதர் மனிதராகவே இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே லான்ஸ் பட்டணத்துச் சுரங்கக் கழிவு மலைகள் கரும் பிரமிடுகளைப் போல் கடந்து சென்றன. பெத்யூனில் இறங்கி வாடகைக் கார் பிடித்தோம்.

நான்கு பக்கமும் சமவெளி வயல்கள். நாற்சந்தியில் வட்டமான வெள்ளைச் சுவர். ஒரு பாதி, நம் தேசத்துக் கல் ஜன்னல்களைப் போல் துளையிட்ட சுவர்; மறு பாதி முழுவதும் பெயர்கள். நடுவே அசோக ஸ்தம்பத்தை நினைவூட்டும் தாமரைத் தலைத் தூண்; அடியில் இரண்டு கல் புலிகள். 1927 அக்டோபரில் திறந்த ஞாபகச் சின்னம் இது. கல்லறைகூடக் கிடைக்காத 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. 1914 இலையுதிர் காலத்தில் மார்ஸேய் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி வடக்கே வந்தவர்கள். அவர்கள் போட்ட சண்டை அவர்களுடைய தேசத்தின் சண்டையல்ல. அவர்கள் பிடித்த கொடியும் அவர்களுடையதல்ல. ஆனால் சிந்திய ரத்தம் அவர்களுடையதுதான்.

அங்கே வைத்திருந்த பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் படைப்பிரிவைக் கண்டோம். பிறகு சுவரில் விரலால் தடவித் தடவித் தேடினோம். "இதோ!" என்றாள் என் மனைவி. காகிதத்தில் இருந்த அதே பெயர். லா ஷாப்பெலில் வாங்கிய பூச்சரம் சற்று வாடியிருந்தது. அதை அடியில் வைத்தோம். படம் பிடித்தோம். சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

கோடு போட்ட வண்டியைப் பிடித்துவிட்டோம். இந்தத் தடவை மெஷினில் ஒவ்வொரு வரியையும் என் மனைவி வாய்விட்டுப் படிக்க, நான் தட்டினேன். பிரெஞ்சு ரயில்வே எனக்கு மறுபடி 63 வயதைக் கொடுத்தது.

ஊர் திரும்பியதும் பெரியவரிடம் படத்தைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் டிக்கட் கதையைச் சொன்னேன், சிரித்தார். ரசீதைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்றார். "அவர் போனபோது யாரும் அவரிடம் டிக்கட் கேட்டிருக்க மாட்டார்கள். திரும்பி வருவதற்கான வண்டியின் நேரத்தையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை."

கொடுத்துவிட்டேன். என் பிரயாணத்தின் ஞாபகமாக அந்த இருபத்தைந்து வயது டிக்கட் மட்டும் என்னிடம் இருக்கிறது.