வளைந்த கழுத்து

பூரணாங்குப்பத்தில் கடற்காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. கிணற்று உருளை, சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி என எதையும் அது விட்டுவைப்பதில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த என் பேஸ் கிட்டாரையும் அது விடவில்லை.

1997இல் சென்னை அண்ணா சாலையில் வாங்கியது. கொல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன். (அமெரிக்கக் கிப்சனுக்கும் இதற்கும் பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு, விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.) இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்த மயக்கத்தில்தான் வாங்கினேன். பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருபத்தைந்து ஆண்டுகள் வாசித்தேன். யாரும் என்னைக் கவனித்ததாக நினைவில்லை. ஒரு நாள் திருப்பலியின் நடுவே மின்சாரம் நின்றது. கம்பியின் அதிர்வைக் காந்தமும் செப்புச் சுருளும் மின்னலையாக மாற்றி, ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கினால்தான் இந்தக் கருவிக்குக் குரல் உண்டு. பாட்டு தொடர்ந்தது, ஆனால், பாடிக்கொண்டிருந்த சகோதரிகள் எல்லாரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

2022இல் பக்கவாதம் லேசாக வந்து போயிற்று. போகும்போது இடக்கையின் இரண்டு விரல்களைத் தன்னோடு கொண்டு போய்விட்டது. கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. கருவி பெட்டிக்குள் போயிற்று. அதன் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ எடைக்கு ஈடான விசையோடு கழுத்தை இழுப்பவை. வாசிப்பை நிறுத்துகிறவன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். நான் செய்யவில்லை. அடுத்த மாதம் வாசிப்போம், அடுத்த மாதம் வாசிப்போம் என்றே இருந்துவிட்டேன். கழுத்து வளைந்தது. அதை நிமிர்த்துவதற்கென்று உள்ளே பொருத்தியிருக்கும் எஃகுக் கம்பியின் திருகும் துருவேறி இறுகிவிட்டது.

சென்ற தை மாதத்தில் என் மகன் அதை இணையத்தில் விற்றுத் தருவதாகச் சொன்னான். "முன்பக்கமாக நேரே வைத்துப் படம் எடுத்தால் வளைவு தெரியாது, அப்பா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. விலை 9,000 ரூபாய் என்று போட்டான்.

அன்று மாலையே ஒருவர் அழைத்தார். தம்மை இராணுவ அதிகாரி என்றார், பேரம் பேசவில்லை, பார்க்கவும் வேண்டாம் என்றார். முன்பணம் அனுப்புவதற்காக ஒரு சதுரக் குறியீட்டை அனுப்பி, அதைக் கைப்பேசியில் காட்டி என் இரகசிய எண்ணை அழுத்தச் சொன்னார். மகன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டான். பணம் கொடுக்கத்தான் இரகசிய எண் வேண்டும்; பெறுவதற்கு வேண்டாம். இப்படி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டுமாம். காலம் கெட்டுப்போனதைப் பற்றி நாங்கள் இருவரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது சமையற்கட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்: "அது இருக்கட்டும், கழுத்து வளைந்திருப்பதைப் போட்டீர்களா?"

இரவு மகனை எழுப்பிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். வளைவு, துரு, ஒலிபெருக்கியில் எழும் இரைச்சல் எல்லாவற்றையும் எழுதி, விலையை 6,000 ஆக்கினோம். நான்கு நாள் ஒருவரும் அழைக்கவில்லை. வாய்மையின் விலை மூவாயிரம் ரூபாய்தானா என்றுகூட எண்ணத் தோன்றியது. அந்த எண்ணம் எனக்குப் பெருமை தருவதன்று.

ஐந்தாம் நாள் பாகூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தவளக்குப்பத்தில் பேருந்தை விட்டிறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். "நீங்கள் எழுதியிருந்த அளவுக்கு மோசமில்லை, ஐயா. எண்ணெய் விட்டுத் திருகிப் பார்க்கிறேன்" என்றார். வாசித்தார். சன்னல் கண்ணாடிகள் நடுங்கின. 5,500 ரூபாய்க்கு முடிந்தது.

பெட்டியை மூடுமுன், "நீங்கள் ஒருமுறை வாசியுங்கள், ஐயா" என்று என் மடியில் வைத்தார். இடக்கை மேலே போக மறுத்தது. தடித்த நான்காம் கம்பியை விரலால் அழுத்த வேண்டியதில்லை; வலக்கையால் சுண்டினாலே அதன் அடிநாதம் எழும். அதைச் சுண்டினேன். ஒலி அடங்கும்வரை அந்தத் தம்பி காத்திருந்தார்.

ஞாயிறன்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. புதுக் கம்பிகள் மாட்டிவிட்டாராம். "பழையவை துருப்பிடித்தவை, ஐயா. எறிந்துவிடவா?"

எனக்கு வேண்டும் என்றேன்.